மலேசியா போகும் மருமகனுக்கு

நாகலாபுரம்,
பொங்கல் கழிந்த மறுவாரம், 2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பிள்ளைகளின் கோடை லீவில் குடும்பத்தோடு சிங்கப்பூர், மலேசியா இரண்டையும் பார்த்துவிட்டு வரப் போவதாகவும், பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் உன் சம்சாரம் போனில் சொன்னாள். நல்ல காரியம். என் தங்கச்சி, அதாவது உன் அம்மா, திருப்பதி, காளஹஸ்தி, சென்னை தவிர வேறு திசை பார்த்ததில்லை. போய் வாருங்கள். எந்தக் கம்பெனி டிக்கெட் மலிவு என்று நீ கேட்டிருந்தாய். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. உன் கையில் இருக்கும் காகிதம், கையிருப்புப் பணம், உன் அம்மாவின் முழங்கால், இந்த மூன்றும் எந்த ஊரைக் காட்டுகிறதோ அந்த ஊருக்குப் போ. விளம்பரம் காட்டும் ஊருக்குப் போகாதே.

காகிதத்திலிருந்து தொடங்கு. உங்கள் ஐந்து பேரில் ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,000. அறுபது தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் புதிதாக எடுக்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி. ஆக உன் அம்மாவுக்கும் இளைய பிள்ளைக்கும் தள்ளுபடி போக உங்களுக்கு 6,250 ரூபாயில் முடியும். தத்கால் என்றால் தலைக்கு இன்னும் 2,000 சேரும். அவசரமில்லாத ஆளுக்கு அது வீண் செலவு. திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே எடுக்கலாம். முதலில் நீயும் உன் சம்சாரமும் எடுங்கள், ஒருவர் பேர் மற்றவர் புத்தகத்தில் இருக்கட்டும். பெற்றோரிடம் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலே வந்துவிடும். பிள்ளைகளின் புத்தகம் ஐந்து வருஷம்தான் செல்லும் என்பதையும் நினைவில் வை.

நீ குடியிருப்பது தடாவில் வாடகை வீடு, ஆதாரில் இருப்பதோ நாகலாபுரம். விண்ணப்பத்தில் இப்போது இருக்கும் முகவரியைத்தான் எழுத வேண்டும், விசாரணையும் அங்கேதான் வரும். ஆகவே ஆதாரை முதலில் மாற்று. நாகலாபுரத்திலேயே இருக்கும் உன் அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவள் பிறந்த தேதியைப் பார். நம் ஊரில் அந்த வயசுக்காரர்களில் பாதிப் பேர் ஆதார்படி ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்! பான் கார்டில் வேறு தேதி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடு.

பேர் விவகாரம் இதைவிடப் பெரிது. ஆந்திர எல்லை ஓரத்தில் இருக்கிற நம் வீடுகளில் இது தலைமுறைத் தலைவலி. தமிழ் வழக்கப்படி வீட்டில் இனிஷியல் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வழக்கப்படி குடும்பப் பேரை முன்னால் எழுதினார்கள். வங்கிக்காரன் இனிஷியலை விரித்து அப்பா பேரைப் பின்னால் போட்டான். இப்போது ஒரே ஆளுக்கு மூன்று பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேருக்குத் தனிக் கட்டம் உண்டு. அதைக் காலியாக விடாதே. ஒற்றைப் பேர் மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் துபாய்க்காரர்கள் சுற்றுலா விசா கொடுப்பதில்லை. இன்றைக்கு மலேசியா, நாளைக்கு எங்கே போகிறாயோ யார் கண்டது? பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தோ, எந்த வரிசையோ, அதே எழுத்து, அதே வரிசை டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் திருத்தக் காசு கேட்பார்கள். சில நேரம் புது டிக்கெட்டே எடுக்கச் சொல்வார்கள். அதனால் புத்தகம் கைக்கு வந்து, அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் டிக்கெட் போட வேண்டும்.

இனி எந்த ஊர் என்பது. சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். கட்டணம் தலைக்கு முப்பது சிங்கப்பூர் வெள்ளி, முகவரின் கூலி தனி, மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. ஐரோப்பாவை நினைக்கவே வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்குத் தொண்ணூறு யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்குக் காப்பீடு, சென்னையில் நேரில் போய்க் கைரேகை என்று அது தனிக் கதை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு முப்பது நாள் வரை விசா கேட்பதில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்று சொல்லியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து நேர் விமானம், சுமார் நான்கு மணி நேரம். ஒரே பயணத்தில் இரண்டு நாட்டை அடைத்தால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் எல்லையில் வரிசை நிற்பதிலும் போய்விடும். இந்த முறை மலேசியா மட்டும் போதும்.

விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று நினைத்துவிடாதே. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் ரசீது, கையில் பணம் இருப்பதற்கு ஆதாரம், இவை இல்லாமல் போய் கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்ட நம் ஆட்கள் உண்டு. எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு ஃபைலில் வை, போனை நம்பாதே. பாஸ்போர்ட் போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். போய் இறங்கும் முன் மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்கிற வருகைப் படிவத்தை ஐந்து பேருக்கும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் வந்தால் போலி என்று மூடிவிடு.

உன் அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். அவள் கேட்கப்போவது பத்துமலை ஒன்றைத்தான். அங்கே குகைக்கு 272 படி. 2006-ல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், கீழே நின்றே கண் நிறையப் பார்க்கலாம். கீழேயே கோயில்கள் இருக்கின்றன. அவள் கீழே சாமி கும்பிடட்டும், நீங்கள் நால்வரும் ஏறிவிட்டு வாருங்கள். காலையில் வெயில் ஏறும் முன் போங்கள். குரங்கு பையைப் பிடுங்கும், பிரசாதத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கோலாலம்பூரில் தங்க பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அறை பார். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நடக்கும் தூரம், அங்கிருந்து பத்துமலைக்கு ரயில் உண்டு. தெருவில் தமிழ் பேசுவார்கள், வாழை இலையில் சாப்பாடு கிடைக்கும். கொஞ்சம் வாடகை கூடினாலும் சாப்பாட்டிலும் வண்டியிலும் மிச்சமாகும். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும், மத்தியானம் அம்மா படுத்து எழ வேண்டும். பெட்ரோனாஸ் கோபுரத்தின் உச்சிக்கு ஏற டிக்கெட் விலை அதிகம். அதன் கீழே இருக்கிற பூங்காவுக்குக் காசு இல்லை, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

பணக் கணக்கு இது. மொத்தம் 2,50,000 என்று வட்டம் போட்டுக்கொள். டிக்கெட் ஐந்துக்கும் பெட்டியோடு சேர்த்து 1,00,000. ஆறு இரவு இரண்டு அறைக்கு 42,000. ஏழு நாள் சாப்பாடு 35,000. உள்ளூர் வண்டி, நுழைவுக் கட்டணம் 20,000. பாஸ்போர்ட் 6,250. காப்பீடு 5,000. நாகலாபுரத்திலிருந்து விமான நிலையம் போக வர 8,000. வாங்குகிற சாமானுக்கு 10,000. மீதி 23,750-ஐத் தொடாதே. அது காய்ச்சலுக்கும் ரத்தான விமானத்துக்கும். டிக்கெட் தலைக்கு 20,000-ஐத் தாண்டினால் தேதியை மாற்று, மற்ற கணக்கில் கை வைக்காதே.

இந்தப் பணம் வரும் வழியும் உனக்குத் தெரியும். மாசியில் உன் சீட்டு முடிந்து 1,60,000 வரும். அதைத் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு முன்னால் எடுக்காதே. மீதி 90,000-ஐ இந்த மாதம் முதல் மே வரை மாதம் 18,000 என்று இரண்டு சம்பளத்திலிருந்தும் ஒதுக்கினால் தீர்ந்தது. 'இப்போது போ, அப்புறம் கட்டு' என்று வருகிற கடனை எடுக்காதே. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாத வட்டி மூன்று சதவீதத்தைத் தொடும். ஏழு நாள் சுற்றியதற்கு ஒரு வருஷம் வட்டி கட்டுவது நமக்கு ஆகாது. அங்கே கார்டு தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று கேட்பார்கள். ரிங்கிட்டிலேயே கட்டு, ரூபாய் என்றால் விலையை ஏற்றிப் போடுவார்கள். டூர் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். அது உன் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதைத் தொலைக்காதே.

நாளும் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வழக்கமாக ஜூன் முதல் வாரத்திலேயே பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஆந்திராவில் நமக்கு ஜூன் 12 வாக்கில்தான். மே மாதம் சென்னைக் கூட்டம் முழுதும் விமானத்தில் இருக்கும். ஜூன் தொடக்கத்தில் புறப்பட்டால் அந்த நெரிசலும் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வேதநாராயணர் கோயிலில் மார்ச் மாதம் சூரிய பூசை முடிவதற்குள் ஐந்து பாஸ்போர்ட்டும் உன் பீரோவில் இருக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரமே டிக்கெட் போடு. மலிவு விலை டிக்கெட்டில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கைக்கும் தனித்தனியாகக் காசு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எது மலிவு என்று தெரியும். கோலாலம்பூரில் இரண்டு முனையம் இருக்கிறது, திரும்பும்போது எது என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள். புறப்படும் நாள் நாகலாபுரத்திலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக மீனம்பாக்கம் போக மூன்று மணி நேரம் வை. அதற்கு மேல் மூன்று மணி நேரம் முன்னால் அங்கே நிற்க வேண்டும். ஆந்திரா பதிவு வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்.

பெட்டியில் ஒரு கண் வை. உன் சம்சாரம் பொடி இடிப்பதில் கெட்டிக்காரி. ஆனால் கசகசா கலந்த எதுவும் பெட்டியில் ஏறக்கூடாது. மலேசியாவில் எப்படியோ, சிங்கப்பூரிலும் துபாயிலும் அது தடைப்பொருள், தெரியாமல் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற புகையிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆவக்காய் ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் பிடுங்கிப் போடுவார்கள், பெரிய பெட்டியில் வை. சர்க்கரை மாத்திரையும் டாக்டர் சீட்டும் மட்டும் அவள் கைப்பையில் இருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது அவளுக்குச் சர்க்கரை இருப்பதை மறைக்காதே, மறைத்தால் பணம் வராது. தாலிச் செயின் தவிர நகை வேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. வரும்போது ஐந்து பேர் ஆதார், பான், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து வா. பேரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பார்ப்போம். அது முடியும் வரை எந்தக் கம்பெனிக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கட்டாதே.

இப்படிக்கு,
உன் மாமா