சங்கு குளிப்பவரின் கடைவாய்ப் பல்

பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தம் கூடினால் கன அளவு குறையும். முதலாண்டு பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்தாச்சு. எனக்கு அதை ஞாபகப்படுத்தியது ஒரு சொத்தைப் பல்.

என் ஹாஸ்டல் அறைத் தோழன் தூத்துக்குடிக்காரன். அவன் அண்ணன் சங்கு குளிப்பவர். ரூட் கெனால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தற்காலிக சிமென்ட் வைத்த பல்லோடு கடலில் இறங்கியிருக்கிறார். அடியில் ஒன்றுமில்லை. ஏறும்போது உயிர் போகிற வலி. "கீழ அமுக்குதுன்னா நியாயம், மேல வரும்போது ஏம்ல வலிக்கி? நீதான் படிக்கியே, சொல்லு" என்று தம்பியிடம் கேட்டாராம். இரண்டு பேரும் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

கடல் மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய இன்னொன்று கூடும். 20 மீட்டரில் 3. பல் இதற்கெல்லாம் அசையாது. வேரில் அடைக்கும் கட்டாபெர்ச்சாவும் அசையாது. (அது ஒரு மரப்பால். 1851-ல் இங்கிலீஷ் கால்வாய்க்கு அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையே அதுதான்!) கோளாறெல்லாம் அடைப்பில் விட்டுப்போன இடைவெளியில் நிற்கும் காற்றால்தான்.

அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி இறங்கி, சற்று நேரத்தில் ஏறிவிடுவார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். இப்போது சங்குக்குப் போகிறவர்களில் பலர் படகுக் கம்ப்ரஸரிலிருந்து ஹோஸ் வழியாக மூச்சு விடுகிறார்கள். 20 மீட்டரில் அவர்கள் வாயில் இருப்பது 3 வளிமண்டலக் காற்று. அடியில் வேலை செய்யும் நேரம் முழுக்க அது கசியும் சிமென்ட் வழியே மெல்லப் பல்லுக்குள் புகுகிறது. உள்ளேயும் 3, வெளியேயும் 3, வலி இல்லை. மேலே வந்தால் வெளியே 1. மயிரிழை ஓட்டை வழியே காற்று அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. பல்சுவரும் விரியாது. வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வரை போகலாம். ஏறத்தாழ ஒரு கார் டயரில் அடிக்கிற காற்று. அது சிமென்டைப் பெயர்க்கும், அல்லது வேர் நுனி வழியே புண்ணை அமுக்கும். அபூர்வமாகப் பல்லே உடைவதும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் உயரே பறந்த விமானிகளுக்கும் இந்த வலி வந்தது. பாரோடான்டால்ஜியா என்று பெயர். ஆனால் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் பல சேர்ந்து வலித்தால் பல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறை அடைத்திருக்கலாம்.

வேரை முழுக்க அடைத்து, மேலே நிரந்தர அடைப்பும் வைக்கும் வரை கடலுக்குப் போகக் கூடாது என்று சொன்னோம். "பத்து நாள் சங்கை யாரு எடுத்துத் தருவா?" என்றார். பிறகு வலி தாளாமல் போய் முடித்துக்கொண்டார். தன் தொழில் இன்னதென்று அதுவரை பல் டாக்டரிடம் அவர் சொன்னதே இல்லையாம்!

இப்போது அந்தப் பல்லுக்குக் கேப் போட வேண்டும். அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் செய்த சோதனைகளில் ஜிங்க் பாஸ்பேட் சிமென்டின் பிடி தளர்ந்தது. ரெசின் சிமென்ட் தாங்கியது. எதை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டு வரச்சொல்லி, இந்த லீவுக்கு ஊருக்குப் போகிற தோழனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.