என்ஜின் சத்தமும் ‘நோர்மல்’ என்ற பதிலும்

கேள்வி: வழக்கறிஞர் ஐயா, நான் கிள்ளானில் குடியிருக்கிறேன், வேலை பிரிக்பீல்ட்ஸில். தினமும் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டாரில்தான் போய் வருகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்பு 150 சிசி மோட்டார் ஒன்று புதிதாக எடுத்தேன். விலை கிட்டத்தட்ட 10,000 வெள்ளி, தவணையில் கட்டி வருகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் என்ஜினில் ‘கடகட’வென்று சத்தம். நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும்போது, சுவரில் பட்டுத் திரும்பி இன்னும் பலமாகக் கேட்கிறது. வாங்கிய கடைக்கு மூன்று முறை கொண்டுபோனேன். முதல் இரண்டு முறை “நோர்மல்தான், புது என்ஜின் அப்படித்தான்” என்றார்கள். மூன்றாம் முறை, நான் ஒரு தடவை வெளிப் பட்டறையில் எண்ணெய் மாற்றியதைச் சொல்லி “வாரண்டி போச்சு” என்றார்கள். சனி, ஞாயிறுகளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன் என்று தெரிந்ததும் “தொழிலுக்கு ஓட்டினால் எதுவும் கேட்க முடியாது, வேண்டுமானால் கம்பெனியிடம் பேசு” என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் கேட்டால் “வாங்கிய கடைக்கே போ” என்கிறார்கள். தவணையை நிறுத்தி வைக்கலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

— வாசகர், கிள்ளான்

பதில்: தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவணையை நிறுத்தாதீர்கள். 1967 ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டிக்குச் சொந்தக்காரர் நிதி நிறுவனம்தான். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்துப் போகும் நடவடிக்கையை அவர்கள் தொடங்கலாம். கடையோடு உங்களுக்குள்ள தகராறு அதற்குத் தடையாக இருக்காது. வண்டி போனால் உங்கள் சான்றும் அதோடு போய்விடும். கோபத்தில் தவணையை நிறுத்திவிட்டு வண்டியையும் வழக்கையும் சேர்த்து இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதத் தவணை ஒரு பக்கம் போகட்டும், உரிமையை இன்னொரு பக்கம் கேட்போம்.

உங்களைக் காப்பாற்றும் சட்டம் 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். அதன் 32 ஆவது பிரிவு, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை ஒவ்வொரு விற்பனையிலும் தானாகவே சேர்த்துவிடுகிறது. ரசீதில் எழுதியிருக்க வேண்டியதில்லை. அந்தத் தரம் என்ன என்பதையும் சட்டமே விளக்குகிறது: எதற்காக வாங்கினோமோ அதற்குப் பயன்பட வேண்டும், சிறு குறைகளும் இருக்கக் கூடாது, பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் குறை முன்கூட்டியே தெரிந்திருந்தால், நியாயமான ஒருவர் அந்த விலைக்கு அதை ஏற்றிருப்பாரா என்பதுதான் அளவுகோல். 10,000 வெள்ளி கொடுத்து எடுத்த புது வண்டி இரண்டே மாதத்தில் கடகடத்தால், அந்தக் கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

“கம்பெனியிடம் பேசு” என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்த உத்தரவாதத்துக்கு முதலில் பொறுப்பாளி உங்களுக்கு விற்றவர். தயாரிப்பாளர்மீதும் தனியாக உரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது உங்களுக்குக் கூடுதல் வழியே தவிர, கடைக்காரர் நழுவிப் போவதற்கான வழி அல்ல. உதிரிப் பாகம் இன்னும் வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுத்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் இவர்கள் இருவரும்தான். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 37 ஆவது பிரிவு தயாரிப்பாளர், விற்பவர் இருவருக்கும் சொல்கிறது.

டெலிவரி விஷயத்தில் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சட்டம் பார்ப்பது, அந்த வகைப் பொருளைச் சாதாரணமாக மக்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்குவார்களா என்பதை. 150 சிசி மோட்டார் அப்படிப்பட்டதுதான். மறுவிற்பனைக்கோ, உற்பத்தியில் பயன்படுத்தவோ, பிறர் பொருளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கோ வாங்கியவர்களைத்தான் சட்டம் வெளியே நிறுத்துகிறது. வார இறுதியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. புஞ்சாக் நியாகா நிறுவனம் என்இசட் வீல்ஸ்மீது தொடுத்த வழக்கைச் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். நிறுவனத் தலைவரை ஏற்றிச் செல்ல ஒரு கம்பெனி வாங்கிய பென்ஸ் கார் சம்பந்தப்பட்ட வழக்கு அது. அந்தக் கம்பெனியையே பயனீட்டாளராக மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தவணைக் கடனுக்கு நடுவே வார இறுதியிலும் உழைக்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொல்ல எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் வழக்கின் உயிர்நாடியான நிரூபணத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் 2012 முதல், பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்பவர் பாடு. நம் பயனீட்டாளர் சட்டம் அமைந்தது அப்படி அல்ல. குறை இருக்கிறது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் “சத்தம் வருகிறது” என்பதோடு நிற்கக் கூடாது. என்ன சத்தம், எப்போது, எங்கிருந்து என்பது காகிதத்தில் ஏற வேண்டும்.

என்ஜின் சத்தங்கள் எல்லாம் ஒன்றல்ல. காலையில் குளிர்ந்த என்ஜினில் கடகடத்து, சூடேறியதும் அடங்கினால், அனுபவமுள்ள போமென் (மெக்கானிக்) முதலில் சந்தேகப்படுவது டைமிங் செயினையும் அதைத் தளராமல் பிடித்திருக்கும் டென்ஷனரையும்தான். சீரான தாளத்தில் மெல்லிய ‘டிக் டிக்’ என்றால் வால்வு இடைவெளி, அதாவது டப்பெட், சரியாக இல்லாமல் இருக்கலாம். கிளட்சைப் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் எப்படி மாறினாலும் சக்கரம் சுழலும் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் ஊளை பெரும்பாலும் சக்கரத்துப் பேரிங். மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதும் கனமாக ‘டொக் டொக்’ என்று இடித்து, சூடேறினாலும் அடங்காமல் இருந்தால் அது கானராட் பக்கத்துப் பேரிங்காக இருக்கக்கூடும். அப்படியானால் வண்டியை ஓட்டாதீர்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் என்ஜின் இறுகி நின்றால் உயிருக்கே ஆபத்து.

சட்டம் படித்தவன் போமென் பாடம் நடத்துகிறானே என்று நினைக்க வேண்டாம். எந்தப் பரிகாரம் கிடைக்கும் என்பதையே இந்தச் சத்தம்தான் தீர்மானிக்கிறது. 41 ஆவது பிரிவின்படி, சரிசெய்யக்கூடிய குறையானால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்து கொடுக்கும்படி முதலில் விற்றவரைக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, இழுத்தடித்தாலோ, செய்தும் சரியாகவில்லை என்றாலோ, வேறு பட்டறையில் செய்துகொண்டு நியாயமான செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம், அல்லது வண்டியையே திருப்பிக் கொடுக்கலாம். குறை கடுமையானது, பாதுகாப்பைக் கெடுப்பது என்றால் நேராகத் திருப்பிக் கொடுக்கும் உரிமையே பிறக்கிறது. டென்ஷனர் சிறிய பாகம். கானராட் பேரிங் என்றால் என்ஜினையே பிரிக்க வேண்டும். புது வண்டியில் அந்த வேலை வந்தால் அதைச் சிறு பழுது என்று யாரும் வாதாட முடியாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதல் வகை போலத் தெரிகிறது. ஆனால் காதால் கேட்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில் தொடுவதற்கு முன் கைப்பேசியில் படம் பிடிக்கத் தொடங்குங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் எண்ணெய் அளவையும் முதலில் காட்டுங்கள். பிறகு வெட்டாமல் ஒரே ஓட்டமாக ஸ்டார்ட் செய்வதிலிருந்து என்ஜின் சூடாகும்வரை பதிவாகட்டும். அதே மாடலில் நண்பரிடமோ பக்கத்து வீட்டிலோ வண்டி இருந்தால், அதையும் இதே முறையில் குளிர்ந்த நிலையில் பதிவு செய்யுங்கள். ‘புது என்ஜின் அப்படித்தான்’ என்ற வாதத்தை இந்த இரண்டு பதிவுகளைப் போல உடைக்க எதனாலும் முடியாது. நடுவர் இயந்திரம் படித்திருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும்.

அடுத்து, கடையோடு சம்பந்தமில்லாத ஒரு நல்ல பட்டறையில் வண்டியைக் காட்டி, பட்டறை முத்திரையோடு எழுதி வாங்குங்கள். நீண்ட திருப்புளியின் முனையை என்ஜின் உறையில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே, சத்தம் இடப் பக்கமா, தலைப் பகுதியா, அடியிலா என்று சொல்லிவிடும் போமென்கள் கிள்ளானிலும் இருக்கிறார்கள், கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அவர் எதையும் கழற்ற வேண்டாம். கேட்டு, பார்த்து, எழுதிக் கொடுத்தால் போதும். கடைக்கு எழுத்தில் வாய்ப்புக் கொடுக்கும் முன் வெளியே என்ஜினைப் பிரித்துவிட்டால், “அவன் பிரித்ததால்தான் கெட்டது” என்று சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

எண்ணெய் விஷயம். கம்பெனி கொடுக்கும் வாரண்டிப் புத்தகத்தில் நிபந்தனை இருக்கலாம். அது அவர்கள் தாமாகக் கொடுத்த வாக்குறுதி, அதன் நிபந்தனை அதோடு நிற்கும். சட்டம் கொடுத்த உத்தரவாதத்தை எந்த ஒப்பந்தத்தாலும் எழுதி நீக்க முடியாது, 6 ஆவது பிரிவு அதற்குத் தடை போடுகிறது. ஆனால் ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெளியில் ஊற்றிய எண்ணெயால்தான் இந்தச் சத்தம் வந்தது என்று காட்ட முடிந்தால், கடைக்காரர் தப்பிக்கலாம். சத்தம் இரண்டாவது மாதத்தில் தொடங்கியது என்கிறீர்கள், எண்ணெய் மாற்றிய தேதி அதற்குப் பிறகு என்றால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைத் தேடி எடுங்கள். எண்ணெய் டப்பாவில் இருந்த தரமும் வண்டிக் கையேடு கேட்கும் தரமும் ஒன்றா என்றும் பாருங்கள். எண்ணெயில் நனைந்த கிளட்ச் உள்ள மோட்டார்களுக்குப் பெரும்பாலும் ஜாசோ எம்ஏ என்று குறித்திருப்பார்கள். மூன்று முறை கடைக்குப் போனதற்கு வேலைச் சீட்டு இருந்தால் அவையும் வேண்டும். இல்லாவிட்டால் வாட்ஸ்ஆப் செய்திகள், அழைப்புப் பதிவுகள், போன தேதிகள். இனிமேல் கடையில் வண்டியை விடும்போது, “வாடிக்கையாளர் புகார்: குளிர்ந்த என்ஜினில் சத்தம்” என்று சீட்டில் எழுதாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நோர்மல் என்றால் அதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் எளிதாக வரும் அந்தச் சொல் பேனா முனையில் அவ்வளவு எளிதாக வராது.

இவையெல்லாம் கையில் வந்ததும் கடைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். குறை என்ன, எப்போது தொடங்கியது, எத்தனை முறை வந்தேன், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில், மலாயில், அமைதியான வார்த்தையில். பதினான்கு நாள் அவகாசம் நியாயமானது. பதிவுத் தபாலில் கடைக்கும், நகல்களைத் தயாரிப்பாளரின் மலேசிய விநியோகஸ்தருக்கும் நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். சட்டப்படி வண்டிக்குச் சொந்தக்காரர் நிதி நிறுவனம் என்பதால், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் கட்டம் வந்தால் அவர்களும் மேசையில் இருந்தாக வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால், திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா மலேசியா, அதாவது பயனீட்டாளர் தீர்ப்பாயம். உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் புத்ராஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்டது, மாநிலங்களில் கிளைகள் உண்டு, இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும், ஆகவே உங்கள் வண்டியின் முழு விலையும் அதற்குள் அடங்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ‘போராங் 1’ படிவத்தை நிரப்பிக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பியுங்கள், சேர்த்த அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். பதில் கொடுக்க அவருக்குப் பதினான்கு நாள் உண்டு. அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. உங்களுக்காக நானும் வர முடியாது, கடைக்காரருக்காக அவருடைய வக்கீலும் வர முடியாது. ஆகவே பயப்படாதீர்கள். நடந்ததை மலாயில் தேதி வரிசையாக எழுதிக்கொண்டு போய் வாசித்தாலே போதும். தீர்ப்பாயம் முதலில் இரு தரப்பையும் சமரசத்துக்கு அழைத்துப் பார்க்கும். பல கடைக்காரர்கள் அந்த மேசையில்தான் முதல் முறையாக உதிரிப் பாகத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். சமரசம் ஆகாவிட்டால் தீர்ப்பு வரும். அது நீதிமன்ற உத்தரவுக்குச் சமம், மீறினால் குற்றம்.

கோரிக்கையில் பணம் திரும்ப வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். முதலில் செலவில்லாமல் முழுமையாகச் சரிசெய்தல், அது முடியாவிட்டால் மாற்று வண்டி அல்லது பணம் என்று வரிசையாகக் கேளுங்கள். வண்டி கடையில் கிடந்த நாள்களில் ரயிலுக்கும் கிராப்புக்கும் செலவானதையும், டெலிவரி வருமானம் போனதையும் ரசீதோடும் ஆப் பதிவுகளோடும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறையால் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய நட்டத்தையும் சட்டம் ஈடுசெய்யச் சொல்கிறது.

தீர்ப்பாயத்துக்குப் போகக் காலவரம்பு மூன்று ஆண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அதை இழந்துவிடுவீர்கள். ஒவ்வொரு நாளும் ஓட ஓட, “இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டாயே” என்ற எதிர்வாதம் வலுத்துக்கொண்டே போகும். இந்த வாரமே படம் பிடித்து, பட்டறைச் சீட்டு வாங்கி, கடிதத்தை அனுப்பிவிடுங்கள். கடையிலிருந்து எழுத்தில் என்ன பதில் வந்தாலும் நகலை எனக்கு அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்த்துச் சொல்கிறேன்.