நட்சத்திரக் குடும்பம் ஒன்று வரைவோம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



செமஸ்டர் தேர்வு முடிந்து ரிசல்ட் வராத அந்தப் பத்து நாட்களில் விடுதியில் பொழுது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். போன வருடம் அப்படிப்பட்ட ஒரு மழை நாளில், எங்கள் அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு உருவாக்கினோம். கம்ப்யூட்டர் எல்லாம் இல்லை. ஒரு கிராப் ஷீட், கேரம் காய்கள், ஒரு ஜோடி தாயக்கட்டை, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கோள். அங்கிருந்து கப்பல் அனுப்பி இரும்பு, தண்ணீர், மின்சாரம் மூன்றையும் சேர்க்க வேண்டும். முதலில் பத்துக் கப்பல் கட்டுபவன் ஜெயித்தவன்.

வரைபடம் போடும் வேலை எனக்கு. 'டிராயிங்ல நல்ல மார்க் வாங்கினவன் நீதானே, போடுடா' என்றார்கள். மற்ற மூவரும் ஆட்டக்காரர்கள், நான் நடுவர்.

முதல் ஷீட்டில், யாருக்கும் குறை இருக்கக் கூடாது என்று எல்லாக் கோளிலும் எல்லாப் பொருளையும் சமமாக வைத்தேன். விளைவு? ஒருவரும் வீட்டை விட்டு நகரவில்லை! எதற்கு நகர வேண்டும்? அரை மணியில் கொட்டாவி வந்தது. இரண்டாவது ஷீட்டில் எல்லாச் செல்வத்தையும் ஒரே கோளில் குவித்தேன். அதன் அருகில் இருந்த எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பன் ஆறாவது சுற்றிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டான். மற்றொருவன் காயைத் தள்ளிவிட்டு எழுந்து, 'வேணும்னே அவனுக்குக் கொடுத்திட்டே' என்று சொல்லிவிட்டுப் போனான். இரவு மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே என் பென்சில் வெற்றியை எழுதிவிட்டது என்பது உண்மை. அந்த உறுத்தலில்தான் நூலகத்துக்குப் போனேன். அங்கே கற்றதைத்தான் உங்களோடு பகிர்கிறேன்.

முன்னோர் என்ன செய்தார்கள்?

1984-இல் டேவிட் பிராபென், இயான் பெல் என்ற இரண்டு மாணவர்கள் 'எலைட்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரில் இருந்த நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதற்குள் 8 அண்டங்கள், அண்டத்துக்கு 256 என 2,048 நட்சத்திரக் குடும்பங்கள்! எப்படி? ஒவ்வொன்றையும் வரைந்து சேமிக்கவில்லை. ஒரு தொடக்க எண்ணையும் கணித விதியையும் மட்டும் வைத்தார்கள். மற்றதை விதியே பிறப்பித்தது. அதற்கு முன்பே, 1977-இல் வந்த 'டிராவலர்' என்ற காகித விளையாட்டு, தாயம் உருட்டியே உலகங்களை உண்டாக்கியது. 1993-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' விளையாட்டில், நட்சத்திரத்தின் நிறத்தை வைத்தே அங்குள்ள கோள் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது: படம் பிறகு, விதி முதலில். அந்த விதிகளை நாம் கற்பனை செய்யக்கூட வேண்டாம். இயற்கையே எழுதி வைத்திருக்கிறது!

விதி 1: முதலில் நட்சத்திரத்தைத் தீர்மானி

நட்சத்திரத்தின் நிறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் சூரியனை 1 என்று கொண்டால், சாதாரண நட்சத்திரங்களின் ஒளி ஏறத்தாழ நிறையின் 3.5 அடுக்காக ஏறும். நிறை 2 என்றால் ஒளி சுமார் 11 மடங்கு. நிறை அரை என்றால் ஒளி 11-இல் ஒரு பங்குதான்.

ஒளி அதிகம் என்றால் எரிபொருளும் சீக்கிரம் தீரும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. இரண்டு மடங்கு நிறையுள்ளதற்குச் சுமார் 180 கோடி ஆண்டுதான். நம் பூமியின் வயதே 450 கோடி! ஆகவே பிரகாசமான பெரிய நட்சத்திரத்தைச் சுற்றிப் பழம்பெரும் நாகரிகம் ஒன்றை வைக்காதீர்கள். அங்கே மின்சாரம் கொட்டிக் கிடக்கும். உயிர் வளர நேரம் இருக்காது. சின்னச் சிவப்பு நட்சத்திரம் இதற்கு நேர் எதிர்.

விதி 2: இரண்டு வட்டங்கள் போடு

காம்பஸை எடுங்கள். முதல் வட்டம், தண்ணீர் திரவமாக நிற்கக்கூடிய தூரம். பூமி சூரியனிலிருந்து இருக்கும் தூரமான சுமார் 15 கோடி கி.மீ.-ஐ ஒரு அலகு என்று கொள்வோம். நட்சத்திர ஒளியின் வர்க்கமூலமே இந்த வட்டத்தின் ஆரம். சூரியனுக்கு 1 அலகு. நிறை 2 உள்ளதற்குச் சுமார் 3.4, நிறை அரை உள்ளதற்கு 0.3.

இரண்டாவது வட்டம் பனிக்கோடு. கோள்கள் உருவான காலத்தில் இதற்கு அப்பால்தான் நீர் உறைந்து பனியாக நின்றது. நம் சூரியனுக்கு இது சுமார் 2.7 அலகு, அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில். கோட்டுக்கு உள்ளே பாறையும் இரும்பும். வெளியே பனியும் வாயுவும். வெயிலோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வியாழனில் பூமியின் வெயிலில் 27-இல் ஒரு பங்குதான்.

என் முதல் ஷீட்டின் தவறு இங்கே புரிந்தது. இரும்பும் வெயிலும் உள்ளே. பனியும் எரிபொருளும் வெளியே. எல்லாம் உள்ள கோள் என்று ஒன்று இயற்கையிலேயே அரிது. குறை இருந்தால்தான் பயணம். பயணம் இருந்தால்தான் வியாபாரம், நட்பு, சண்டை எல்லாம்!

விதி 3: இடைவெளி விடு

கோள்களைப் பஸ்ஸில் ஏற்றுவது போல் நெருக்கித் திணிக்காதீர்கள். ஒன்றையொன்று ஈர்த்துப் பாதையைக் கெடுத்துவிடும். நம் குடும்பத்தில் அடுத்தடுத்த கோள்களின் தூரம் பெரும்பாலும் 1.4 முதல் 2 மடங்காகப் பெருகுகிறது. செவ்வாயிலிருந்து வியாழனுக்கு மட்டும் 3.4 மடங்கு, அந்த இடைவெளியில்தான் சிறுகோள்கள் சுற்றுகின்றன. சுரங்கம் வைக்க நல்ல இடம்!

விதிவிலக்கு உண்டா? உண்டு. 1995-இல் கண்டுபிடிக்கப்பட்ட 51 பெகாசி பி என்ற வாயுக் கோள் தன் நட்சத்திரத்தை நான்கே நாளில் சுற்றுகிறது. டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்துக்கு ஏழு கோள்கள் என்று 2017-இல் அறிவித்தார்கள், ஏழும் 0.07 அலகுக்குள் அடக்கம். அவற்றின் சுற்றுக்காலங்கள் எளிய விகிதங்களில் ஒத்துப்போவதுதான் அந்த ஒழுங்கைக் காக்கிறது. ஆக, விதியை மீறலாம். காரணத்தோடு, ஒரு முறை மீறுங்கள்.

விதி 4: கோளை ஆணி அடித்து நிறுத்தாதே

இதுதான் என் இரண்டாவது ஷீட்டின் பெரிய தவறு. கோள்கள் சுற்றுமே! கெப்ளர் விதிப்படி, சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு, தூரத்தின் கனத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஆண்டுக்கணக்கு வந்துவிடும். 4 அலகில் உள்ள கோளுக்கு 8 ஆண்டு.

ஒரு சுற்று என்பது இரண்டு மாதம் என்று வைத்தோம். புரோட்ராக்டர் வைத்து ஒவ்வொரு சுற்றிலும் பூமியை 60 பாகை நகர்த்தினோம். செவ்வாயை 32, வியாழனை 5. சுமார் 13 சுற்றுக்கு ஒருமுறைதான், அதாவது 26 மாதத்துக்கு ஒருமுறைதான், பூமியும் செவ்வாயும் அருகே வரும். நிஜ விண்கலங்களுக்கும் இதே கணக்குதான். அப்போது அனுப்பினால் குறைந்த எரிபொருளில் எட்டரை மாதத்தில் சேரலாம். தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். இன்று அருகில் இருப்பவன் நாளை தூரத்தில். யாருக்கும் நிரந்தர முன்வரிசை கிடையாது.

விதி 5: வரைந்தவன் கடைசியில் எடு

எல்லாம் செய்த பிறகும் வரைபடத்தை நம்பாதீர்கள், சோதியுங்கள். ஒர்க் ஷாப்பில் வேலை முடிந்ததும் கேஜ் வைத்துப் பார்க்கிறோமே, அது போல. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரும்புக்கு எத்தனை சுற்று, பனிக்கு எத்தனை சுற்று என்று அட்டவணை எழுதுங்கள். தனித்தனியே சமமாக இருக்க வேண்டாம். கூட்டுத்தொகை ஏறத்தாழ ஒத்துவந்தால் போதும். பிறகு வீட்டை மாற்றி மாற்றி மூன்று ஆட்டம் ஆடுங்கள். மூன்றிலும் ஒரே ஆள் ஜெயித்தால் அவன் கெட்டிக்காரன். ஒரே வீடு ஜெயித்தால் வரைபடம் தப்பு.

வரைந்தவனும் ஆடுவதாக இருந்தால், எல்லோரும் எடுத்த பிறகு மிஞ்சிய வீடுதான் அவனுக்கு. வீட்டில் அல்வா வெட்டுகிறவன் கடைசித் துண்டை எடுப்பதில்லையா? அப்போதுதான் கத்தி நேராகப் போகும்!

மூன்றாவது ஷீட்டோடு கோபித்துக்கொண்ட நண்பனின் அறைக்குப் போனேன். ஒன்றும் பேசாமல் ஷீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். 'இதுல எனக்கு எந்த வீடு நல்லது?' என்றான். 'தெரியலைடா' என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. 'அப்ப ஆடலாம்' என்று எழுந்து வந்தான்.

அன்று ஆட்டம் இருபது சுற்றைத் தாண்டியது. எலக்ட்ரிக்கல் நண்பன் ஒரே ஒரு சுற்றைத் தப்பாக எண்ணிச் செவ்வாயைத் தவறவிட்டுத் தோற்றான். தோற்றவன்தான் 'இன்னொரு ஆட்டம்' என்று முதலில் கேட்டான்!

தோழர்களே, நாளை நாம் பாகமோ பாலமோ மின்சுற்றோ, எதை வடிவமைத்தாலும் அதைப் பயன்படுத்தப் போவது வேறொருவர். நம் பென்சில் செய்யும் பிழையின் பலனை அனுபவிப்பவரும் அவரே. அதை ஒரு கிராப் ஷீட்டில், கேரம் காய்களோடு, சிரித்துக்கொண்டே கற்க முடியும் என்றால் விடலாமா? எடுங்கள் காம்பஸை! உங்கள் சூரியன் உதிக்கட்டும்!