பள்ளிக்கூடத்துக் குறையை எழுதிக் கொடுப்போம்



"இன்னைக்கும் கணக்குப் பாடம் நடக்கலம்மா" என்று பிள்ளை சொல்கிறது. மூன்று மாதமாக இதே கதைதான். நாமும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் பீலிக்கரையிலும் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சு அங்கேயே கரைந்துவிடும். எழுதிக் கொடுத்தால்தான் நிற்கும்.

சிலர் துரையிடம் போய்ச் சொல்கிறார்கள். 1970களில் தொடங்கி தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றுவிட்டது. ஆகவே முறைப்பாடு போக வேண்டிய வழி வேறு.

யாரிடம் போவது?

1. முதலில் பாடசாலை அதிபர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் கேட்கலாம். கேட்டதைக் கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.
2. பதில் இல்லையென்றால் கோட்டக் கல்விப் பணிப்பாளர். அடுத்து வலயக் கல்விப் பணிப்பாளர்.
3. அங்கேயும் நடக்காவிட்டால் மாகாணக் கல்வித் திணைக்களம்.

பிள்ளையை அடித்துக் காயப்படுத்தினாலோ, தகாத முறையில் நடந்தாலோ இந்தப் படிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே பேசுங்கள்.

என்ன எழுதுவது?

திகதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, நடந்தது என்ன, எப்போதிருந்து, நாம் கேட்பது என்ன. இவ்வளவு போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, எனது மகள் 7ஆம் வகுப்பில் படிக்கிறாள். தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த வகுப்பில் கணிதப் பாடம் நடக்கவில்லை. ஆசிரியர் ஒருவரை ஒழுங்கு செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

யாரையும் ஏசி எழுத வேண்டாம். ஆசிரியர் நியமிக்கப்படாமலே இருக்கலாம். நமக்கு வேண்டியது பாடம், சண்டை அல்ல.

தமிழிலேயே எழுதுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. தமிழில் பதில் கேட்பதும் நம் உரிமை.

கடிதத்தில் ஒரு பிரதி நம்மிடம் இருக்க வேண்டும். நேரில் கொடுத்தால் அந்தப் பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால், துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படிக்குப் போகும்போது இவைதான் நமக்குச் சாட்சி.

"எழுதினால் டீச்சர் பிள்ளை மேல கோவத்தைக் காட்டிருவாங்களே?" இந்தப் பயம் நியாயமானதுதான். ஆகவே ஒரே குறையுள்ள பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையொப்பம் வையுங்கள். அப்போது ஒரு பிள்ளையின் பெயர் மட்டும் தனியாகத் தெரியாது. பணிமனைக்கு எல்லாரும் அரைப்பேரை இழந்து போகவும் தேவையில்லை; இரண்டு பேர் போனால் போதும்.

எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டு, அதன்பின் கைநாட்டு வையுங்கள். பிள்ளையை எழுத வைக்காதீர்கள். அந்தப் பாரம் அதற்கு வேண்டாம்.

செய்து பார்ப்போம்: இந்த ஞாயிற்றுக்கிழமை லயத்தில் நாலு பெற்றோர் கூடி உட்காருங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் உள்ள ஒரு குறையை ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். எப்போதிருந்து, என்ன கேட்கிறோம் என்ற இரண்டும் அதில் இருக்கிறதா என்று ஒருவர் வாசித்துச் சொல்லட்டும்.