இடமிருந்தும் இடமில்லை: கணினி நினைவகம் பற்றிய ஒரு பாடம்



ஆண்டு விழா நாளில் மண்டபத்துக்குச் சற்றுத் தாமதித்து வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பல கதிரைகளில் எவரும் இல்லை. ஆயினும் ஒன்றில் கைப்பை, ஒன்றில் சால்வை, இன்னொன்றில் குளிரங்கி. அமரப் போனால், “இதுக்கு ஆள் இருக்குது” என்பார்கள். கதிரை வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முன்னரே ஒருவருக்கு உரித்தாகிவிட்டது. கணினியிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு.

நிகழ்ந்தது

ரெய்னர்ஸ் லேனில், முன்னொரு ஆண்டு விழா மலருக்காக மாணவர் ஆக்கங்களைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தோம். கணினியில் 16 கிகாபைற் நினைவகம் இருந்தது. ஆயினும் அது, “நினைவகம் போதாது” என்று எச்சரித்தது. சற்று நேரத்தில் தட்டச்சு நிரலும் நின்றுபோயிற்று. ஒரு மாணவி தன் அம்மம்மாவைப் பற்றி முதன்முதலாகத் தமிழில் எழுதிய ஒன்றரைப் பக்கம், சேமிக்கப்படாதிருந்தமையால் அழிந்தது. புதிய நினைவகம் வாங்கப் பெற்றோர் பணம் சேர்க்க முன்வந்தனர். வாங்குமுன் காரணத்தை அறிவோம் என்றேன்.

காரணம்

ஒவ்வொரு நிரலும் தனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று வின்டோஸிடம் கேட்கிறது. வின்டோஸ் அந்த இடத்தைத் தருவதாக வாக்களிக்கிறது. நிரல் அவ்விடத்தைப் பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் வாக்களித்த அளவு கணக்கில் ஏறிவிடும். அக்கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. கணினியின் நினைவகத்தையும், வன்தட்டில் உள்ள ‘பக்கக் கோப்பு’ என்பதன் அளவையும் கூட்டினால் வருவதே அவ்வெல்லை.

பக்கக் கோப்பு என்பது மண்டபத்தின் பின்னறையில் அடுக்கி வைத்த மடக்குக் கதிரைகளைப் போன்றது. எடுத்து விரிக்க நேரமாகும். வன்தட்டு நினைவகத்திலும் வேகம் குறைந்தது. ஆனால் அவை இருக்கின்றன என்ற துணிவில்தான் மண்டபப் பொறுப்பாளர் மேலும் பலருக்கு இடம் தர இசைவார். பல நாள்களில் அவற்றை விரிக்க வேண்டிய தேவையே நேராது.

எங்கள் கணினியில் பக்கக் கோப்பு நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியவன் நானே. “16 கிகாபைற் இருக்க இது எதற்கு?” என்று எண்ணி, வன்தட்டில் இடத்தை மிச்சப்படுத்தினேன். அதனால், ஏறத்தாழ 9 கிகாபைற் மட்டுமே பயன்பாட்டில் இருந்தபோதும், வாக்களித்த கணக்கு 16 ஐ நெருங்கிவிட்டது. புதிய நினைவகம் வாங்கியிருந்தாலும் எல்லை உயர்ந்திருக்கும். ஆனால் வன்தட்டு செலவின்றித் தரக்கூடியதற்குப் பெற்றோர் பணம் கொடுத்திருப்பார்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் வேலையைச் சேமியுங்கள்.

2. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ், மெமரி என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். ‘கமிட்டட்’ என்பதன் கீழ் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது வாக்களித்த அளவு, இரண்டாவது எல்லை. முதலாவது இரண்டாவதை நெருங்கினால் நோய் இதுவே.

3. டீடெயில்ஸ் பகுதியில் ‘கமிட் சைஸ்’ என்னும் நிரலைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நிரலின் அளவு மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால், அது இடத்தைக் கேட்டுப் பெற்றுத் திருப்பித் தராத நிரல். அதனை மூடுங்கள், அதன் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

4. வேர்ச்சுவல் மெமரி அமைப்பில், பக்கக் கோப்பின் அளவை வின்டோஸே தீர்மானிக்க விடுங்கள். பின் கணினியை மீளத் தொடக்குங்கள்.

பழைய பாடம்

இது புதிய செய்தியன்று. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். பீ.சீ. கணினியின் 8088 சில்லுக்கு 20 முகவரிக் கம்பிகளே இருந்தன. ஆகவே அது 2 இன் 20 ஆம் அடுக்காகிய 10,48,576 பைற்றுகளையே அறியும். அவற்றுள் நிரல்களுக்குக் கிடைத்தது 640 கிலோபைற். பின்னாளில் பல மெகாபைற் நினைவகம் கொண்ட கணினிகளிலும் டொஸ் நிரல்கள் இடமில்லை என்று நின்றதற்கு இதுவே காரணம். இன்றும் 32 பிற் நிரல் ஒன்றுக்கு வின்டோஸ் வழமையாக 2 கிகாபைற் இடமே தரும். கணினியில் எவ்வளவு இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

ஆகவே “எவ்வளவு இருக்கிறது?” என்று மட்டும் கேளாதீர்கள். “எந்த எல்லையில் முட்டியது?” என்றும் கேளுங்கள். செலவு செய்யுமுன் காரணத்தை அறிவதே சிக்கனம்.

அம்மாணவி தன் கட்டுரையை மீண்டும் முதல் வரியிலிருந்து எழுதினாள். அது அம்மலரில் இரண்டு பக்கமாக வெளிவந்தது.

பயிற்சி

1. 8 கிகாபைற் நினைவகமும் 4 கிகாபைற் பக்கக் கோப்பும் உள்ள கணினியில் வாக்களிப்பின் எல்லை ஏறத்தாழ எவ்வளவு?

2. 2 இன் 32 ஆம் அடுக்கு எத்தனை பைற்? அது எத்தனை கிகாபைற்?

3. உங்கள் வீட்டுக் கணினியின் ‘கமிட்டட்’ எண்கள் இரண்டையும் குறித்து வந்து வகுப்பில் கூறுக.