நோயுற்ற நண்பரின் நாண்மங்கலம்

பிறந்த நாள் கொண்டாடுதல் மேனாட்டார் வழக்கமென்றும், அப்பமும் மெழுகுதிரியும் வந்த பின்னரே அது நம்மிடைப் புகுந்ததென்றும் கூறுவாருளர். தமிழ் நூல்களைப் பயில்வார்க்கு அஃது உண்மையன்றென்பது எளிதிற் புலனாம். அரசன் தான் பிறந்த நாளிற் சினந் தணிந்து சிறப்புச் செய்தலைத் தொல்காப்பியம் 'பெருமங்கலம்' என்று குறிக்கும். அன்று அரசன் வெண்மையான உடையும் அணியும் பூணுதலின் அது வெள்ளணி நாளெனவும் வழங்கிற்று. சிறைப்பட்டோரை விடுவித்தலும் கொலைத்தண்டம் ஒழித்தலும் அந்நாட் கடன்களென உரைகளால் அறிகின்றோம். சதய நாளிற் பிறந்த முதலாம் இராசராசனுக்குத் தஞ்சையில் ஐப்பசிச் சதயத்தன்று இன்றும் விழா நிகழ்கின்றது. ஆகலின் பிறந்த நாள் நமக்குப் புதியதன்று, பழைமையானதே.

ஆயின், ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஆண்டு ஏற ஏற வலிமை குன்றிவரும் கொடிய நோயுடைய ஒருவர்க்குப் பிறந்த நாள் மங்கலமாகுமோ? கடந்துபோன ஆண்டைக் கணக்கிட்டுக் காட்டி அவர் மனத்தைப் புண்படுத்துவதன்றோ அது? இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து தோன்றியதன்று. ஓமலூரில் எம்மோடு பள்ளியிற் பயின்ற நண்பர் ஒருவரால் தோன்றியது. அதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் நண்பரைப் பற்றியது தசைச்சிதைவு நோய். இந்நோய் பலவகைப்படும். அவற்றுள் மிகுதியும் சிறுவரைப் பற்றும் வகையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டு மருத்துவர் துஷேன் விரிவாக ஆராய்ந்தார். அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. தசைநார்களின் மேலுறையைத் தாங்கிக் காக்கும் 'டிஸ்ட்ரோஃபின்' என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே அதன் காரணம். தாங்குவது இன்மையின், தசை சுருங்கி விரியுந்தோறும் உறை கிழிகின்றது. நாளடைவில் தசை அழிந்து அவ்விடத்திற் கொழுப்பும் நாரும் நிறைகின்றன. இக்குறைக்குக் காரணமான மரபணு 1986-இலும், அப்புரதம் 1987-இலும் கண்டறியப்பட்டன. நோயுற்ற சிறுவன் முதலில் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழத் தன் தொடைகளையே கையாற் பற்றி ஏறுவான். பன்னிரண்டு அகவையளவில் நடை ஒழியும். பின்னர்க் கையும், மூச்சுத்தசையும், இதயமும் தளரும். முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், தளர்ச்சியைத் தாமதப்படுத்தும் மருந்துகளும், இரவில் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும், இதயத்தைக் காக்கும் முறைகளும் வந்தபின், முன்னர் இருபதளவில் முடிந்த வாழ்நாள் இப்பொழுது பலர்க்கு முப்பதையுங் கடந்து செல்கின்றது.

இவ்வளவும் யாம் பின்னர்க் கற்றவை. சென்ற ஆண்டு, எம் நண்பரின் 18-ஆம் பிறந்த நாளன்று, இவற்றுள் ஒன்றையும் யாம் கருதினோமில்லை. சேலஞ் செல்லும் சாலையில் ஓர் உணவுச்சாலையின் மேன்மாடத்தை அவரைக் கேளாமலே அமர்த்தினோம். மின்தூக்கி இல்லை. சக்கர நாற்காலியை நால்வர் தூக்கிப் படியேறினோம். அவர் முகத்திற் புன்முறுவல் இருந்தது, விரல்கள் மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பற்றியிருந்தன. மேலே சென்றதும் எம்முள் யாமே கல்லூரியையும் விடுதியையும் பற்றிப் பேசத் தொடங்கினோம். பின்பு அப்பத்தின்மேல் மெழுகுதிரியை ஏற்றி ஊதுமாறு கூறினோம். அவர் இருமுறை ஊதினார். சுடர் அசைந்ததேயன்றி அணையவில்லை. யாவரும் வாய் மூடினோம். ஒருவர் முந்திக்கொண்டு அதனை ஊதி அணைத்தார், மற்றொருவர் அழுதுவிட்டார். அழுதவரைத் தேற்றியவர் எம் நண்பரே. வீடு திரும்புகையில் அவர் அமைதியாகக் கூறினார்: "இன்று நீங்கள் எல்லீரும் எனக்கு விடை கொடுக்க வந்தாற்போல் இருந்தது. என் பிறந்த நாளுக்கு ஒருவரும் வரவில்லை."

அச்சொல் எம்மைப் பலநாள் உறங்கவொட்டாது செய்தது. யாம் அன்பின்றிச் செய்தோமல்லேம், அறிவின்றிச் செய்தோம். நோயுற்றார்மாட்டு நண்பர் தவறும் வகை பழைமையானதே. விவிலியத்தில் யோபுவின் சரிதை இதற்குச் சான்று. பெருந்துயருற்ற யோபுவைக் காண வந்த நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாளாவிருந்தனர். அவ்விருப்பினாற் பிழையொன்றும் விளைந்ததில்லை. அதன்பின் யோபு வாய்திறந்து தாம் பிறந்த நாளையே பழித்தார். அது கேட்டுப் பொறாத நண்பர் காரணங் கூறவும் அறிவுரை பகரவுந் தொடங்கினர். அவர் புண்ணில் வேல் பாய்ந்ததும் அப்பொழுதே. துன்புற்றான் ஒருவன் தன் பிறந்த நாளை வெறுத்துரைப்பின், அதனை மறுத்துப் பேசுதல் நண்பர் கடனன்று, உடனிருத்தலே கடன்.

உடனிருத்தலுக்கு மருத்துவத்திலும் இடமுண்டென்பதைத் திருக்குறளின் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரம் காட்டுகின்றது. அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையுஞ் சொல்லி, அருகிருந்து துணைசெய்வோனை நான்காங் கூறாக வைத்தார். முதன்மூன்றும் யாவர்க்கும் புலனாகும், நான்காவதே மறக்கப்படுவது. எம் நண்பர் இல்லத்தில் அந்நான்காங் கூற்றைப் பல்லாண்டாகத் தனித்துத் தாங்கி வருபவர் அவர்தம் அன்னையார். இரவில் மும்முறை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைப்பவர் அவர். இதனை யாம் ஒருநாளும் வினவியதில்லை.

நோயுற்றாரே அந்நான்காங் கூறாக நின்றதும் எம் மாவட்டத்தில் உண்டு. சேலத்தைச் சேர்ந்த வானவன் மாதேவியும் அவர் உடன்பிறந்தாராகிய இயலிசை வல்லபியும் தசைச்சிதைவு நோயுற்றவர்கள். சோழ அரசியர் தாங்கிய பெயர் வானவன் மாதேவி என்பது. வெள்ளணி விழாவுக்குரிய இராசராசனை ஈன்ற அன்னைக்கும் அதுவே பெயர். இவ்விருவரும் தம் நோயைக் கண்டு ஒடுங்காது, அதே நோயுற்ற பிறர்க்காக 2009-இல் ஆதவ் அறக்கட்டளையைச் சேலத்தில் நிறுவினர். இயன்முறைப் பயிற்சிக்கும் ஒருவரையொருவர் கண்டு பேசுதற்கும் வழி செய்தனர். 'நம்பிக்கை மனுஷிகள்' என்னும் ஆவணப்படம் இவர்களைப் பற்றியதே. வானவன் மாதேவியார் 2017 சனவரியில் மறைந்தார். அவர் வாழ்ந்த ஆண்டுகளை நோய் தின்ற ஆண்டுகளென்று எண்ணுவார் எவருமிலர். சக்கர நாற்காலியிலிருந்தே பிறர்க்குத் துணைநின்ற ஆண்டுகள் அவை.

கடல் கடந்த நாட்டிலும் ஒரு சான்று காண்போம். அறிவியற் பேராசிரியர் இசுடீபன் ஆக்கிங் 1942 சனவரி 8-ஆம் நாள் பிறந்தவர். தம் 21-ஆம் பிறந்த நாளை அடுத்து, 1963-இல், நரம்பணுக்களைச் சிதைக்கும் நோய் தமக்குளதென அறிந்தார். ஈராண்டே வாழ்வார் என்று கருதப்பட்டார். ஆயின் 2018 வரை, 76 ஆண்டு வாழ்ந்தார். 2012-இல் அவருடைய 70-ஆம் பிறந்த நாளையொட்டிக் கேம்பிரிட்சிற் பேரவை கூடியபோது, உடல் நலமின்மையின் அவர் வர இயலவில்லை. அதுபற்றி விழா நின்றுவிடவில்லை. முன்னரே பதிவுசெய்த அவருரையை அவையோர் கேட்டனர். நோயுற்றார் வர இயலாவிடினும் அவர் இடம் வெறுமையாகாது வைத்தல் நண்பர்க்கு இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றையெல்லாம் உளங்கொண்டு, இவ்வாண்டு 19-ஆம் பிறந்த நாளுக்கு ஒரு திங்கள் முன்னரே எம் நண்பரிடஞ் சென்று, "நீங்கள் விரும்புவது யாது?" என்று வினவினோம். அவர் நகைத்து, "இதனைக் கேட்க ஓராண்டு ஆயிற்றே" என்றார். பின்பு தம் விருப்பங்களைக் கூறினார்: வீட்டு முற்றத்து வேம்பின் நிழலிற் கூடவேண்டும்; இரவில் மூச்சுக்கருவி பொருத்தவேண்டுதலின் மாலை ஐந்து மணிக்கே தொடங்கவேண்டும்; ஒவ்வொருவரும் தமக்குத் தீராத ஐயம் ஒன்றையேனும் கணக்கு ஒன்றையேனும் கொண்டுவரவேண்டும். பள்ளியில் எமக்கெல்லாம் கணக்குக் கற்பித்தவர் அவரே.

அவ்வாறே கூடினோம். சளி பிடித்திருந்த ஒருவர், தம்மாற் பிறர்க்கு எளிதாய் வருவது தளர்ந்த நுரையீரலுக்கு இடராகுமென்றுணர்ந்து, வாயிற்படி கடவாது கைபேசி வழியே கலந்துகொண்டார். யாம் எழுதிக் கொணர்ந்த வெண்பாவில் தளை தட்டிய இரண்டிடங்களை நண்பர் காட்டி எள்ளினார். சதுரங்கத்தில் அவர் வாயாற் சொல்ல மற்றொருவர் காய் நகர்த்தினார். எம்முள் இருவர் தோற்றோம். மெல்லுதற்கு எளிதென்று கேசரி மட்டுமே கொணர்ந்திருந்தோம். "சேலத்திற் பிறந்தவனுக்குத் தட்டுவடை செட்டு இல்லாத விழாவா?" என்று அவர் வெகுண்டார். உடனே ஒருவர் ஓடி வாங்கிவந்தார். அன்னையார் அதனைச் சட்டினியிற் குழைய ஊறவைத்துச் சிறுகச் சிறுக ஊட்டக் கற்பித்தார். அன்று மாலை முழுதும் ஊட்டுதலையும் உட்காரும் நிலை மாற்றுதலையும் யாமே செய்தோம். அன்னையார் பலநாட்குப் பின் அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசினார்.

மெழுகுதிரி வேண்டாவென்றே யாம் எண்ணியிருந்தோம். அவரோ வேண்டுமென்றார். மேசைமேல் மின்விசிறியொன்றை வைக்கச் செய்து, அதன் விசையைத் தம் விரலடியில் அமைத்துக்கொண்டு, ஒரு விரலால் அழுத்தினார். சுடர் அணைந்தது, உடன் காகிதத் தட்டுகளும் எம் வெண்பாவும் பறந்து முற்றமெங்குஞ் சிதறின. அவற்றைத் துரத்திப் பிடிக்க ஓடிய எம்மைக் கண்டு அவர் நகைத்த நகைப்பு இன்னும் எம் செவியில் உளது.

இதனின்று யாம் கற்றவை சில. நோயுற்ற நண்பர்க்கு யாது இன்பமென்பதை யாம் ஊகித்தல் தகாது. அவரையே கேட்டல் வேண்டும். இடமும் நேரமும் உணவும் அவருடலுக்கு இசைய அமைதல் வேண்டும். அவர்பால் யாம் பெறுவதும் இருத்தல் வேண்டும். கொடுப்பதேயாயின் அது நட்பாகாது, இரக்கமாய் முடியும். அவரைப் பேணுவார்க்கும் அந்நாள் ஓய்வுநாளாதல் வேண்டும். கண்ணீர் வரின் அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அதனைத் துடைக்கும் வேலையை அவர்க்கு வைத்தலாகாது.

முன்னெழுந்த வினாவிற்கு இனி விடை கூறலாம். பண்டை அரசன் பிறந்த நாளிற் சிறைப்பட்டோர் விடுதலை பெற்றனர். எம் நண்பரை நோயினின்று விடுவிக்க எம்மால் இயலாது. ஒரு மாலைப் பொழுதளவேனும் 'நோயாளி' என்னும் பெயரினின்று விடுவித்து, அவரைக் கணக்காசிரியராகவும் சதுரங்க வீரராகவும் குறும்பராகவும் இருக்கச் செய்ய இயலும். அதுவே அவர் நாண்மங்கலம்.

விடைபெறும்போது அவர் அடுத்த பிறந்த நாளை மேட்டூர் அணையருகே கொண்டாடவேண்டுமென்றார். அந்நாள் எவ்வாறு வருமென எம்முள் ஒருவரும் கேட்கவில்லை. சக்கர நாற்காலி ஏறுதற்கு எவ்வகை வண்டி ஏற்றது, பூங்காவிற் சரிவுப்பாதை உளதோ என்பன பற்றியே இருட்டும்வரை வழக்காடினோம். வண்டி பேசும் பொறுப்பு எம்மீது விழுந்துள்ளது.