எங்கே நின்று பார்ப்பது?

அன்புள்ள கண்ணுக்கு,

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் படித்து முடித்த கையோடு தர்மபுரி டவுனிலேயே வேலை கிடைத்ததில் உன் அம்மாவைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி அதிகம். சேர்ந்ததும் மேனேஜர் உன்னிடம் சொன்னது, "நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, யார் இழுக்கறாங்கன்னு பாரு" என்பது. நீயும் உன் மேஜைக் கணினியில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டுப் பார்த்திருக்கிறாய். உன் சொந்தப் பாக்கெட்டுகளையும், எல்லோருக்கும் பொதுவாகப் போகும் அறிவிப்புகளையும் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை, கண்ணு. நீ உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி.

முன்பு ஹப் என்று ஒரு பெட்டி இருந்தது. எந்தப் போர்ட்டில் எது வந்தாலும் மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். அந்தக் காலத்தில் எங்கே செருகினாலும் அலுவலகம் முழுவதும் தெரிந்தது. இன்றைய சுவிட்ச் அப்படிச் செய்யாது. யாருக்கு வந்ததோ அவருடைய போர்ட்டுக்கு மட்டுமே தரும். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை உன் தலையில் விழுகிறது. என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யாமல் இடத்தை முடிவு செய்ய முடியாது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். காலியாக இருக்கும் போர்ட்டில் கருவியைச் செருகிவிட்டு, அதில் தெரிவதுதான் நெட்வொர்க் என்று நம்பிவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக் காவிரியையே எடுத்துக்கொள். ஒகேனக்கல்லுக்கு எத்தனை கன அடி வருகிறது என்று தினமும் செய்தியில் கேட்கிறாய். கர்நாடகம் தரும் நீரை அளக்கும் இடம் அதற்கு மேலே, மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலு. ஆனால் 1991இல் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது கணக்கு மேட்டூருக்கு வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 205 டிஎம்சி என்றார்கள். 2007 இறுதித் தீர்ப்பு கணக்கைப் பிலிகுண்டுலுவுக்கு மாற்றி 192 டிஎம்சி என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதே இடத்தில் 177.25 டிஎம்சி என்றது. வெறும் எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பிலிகுண்டுலுவுக்குக் கீழே ஒகேனக்கல்லில் சின்னாறு வந்து சேர்கிறது. வழியில் பெய்யும் மழை சேர்கிறது. மேட்டூரில் அளந்தால் அதெல்லாம் கர்நாடகத்தின் கணக்கில் விழும். எல்லையில் அளந்தால் விழாது. அதே எல்லைக் கணக்கை வைத்துக்கொண்டு மேட்டூர் அணைக்கு மொத்தம் எவ்வளவு வந்தது என்று சொல்லவும் முடியாது. "அடுத்தவர் எவ்வளவு தந்தார்" என்பது ஒரு கேள்வி, "நம்மிடம் எவ்வளவு சேர்ந்தது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடம் வேறு.

உன் அலுவலகத்தில் எல்லை என்பது ஃபயர்வால். அதற்கு வெளியே, இணைய ரவுட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் நின்றால், உலகம் உன் கதவை எப்படித் தட்டுகிறது என்பது தெரியும். நாள் முழுக்க எவனாவது தட்டிக்கொண்டேதான் இருப்பான். பார்த்தால் பயமாக இருக்கும், பயன் குறைவு. அதைவிட முக்கியம், உள்ளேயிருக்கும் அத்தனை கணினியும் வெளியே ஒரே பொது ஐபி முகவரியில்தான் போகின்றன. முகவரி மாற்றம் ஃபயர்வாலில் நடந்துவிடுவதால் "யார் இழுக்கறாங்க" என்ற உன் மேனேஜரின் கேள்விக்கு வெளியே நின்று பதிலே கிடைக்காது. உள்பக்கம் நின்றால் ஒவ்வொரு கணினியின் சொந்த முகவரியும் தெரியும். அவருடைய கேள்விக்கு உன் இடம் இதுதான்.

அங்கேயும் ஒரு ஏமாற்று உண்டு. யாராவது ஒரு செக்‌ஷனில் சொந்தச் செலவில் சின்ன வைஃபை ரவுட்டர் வாங்கி மாட்டியிருப்பார்கள். அதன் பின்னால் இருக்கும் கைப்பேசிகளும் லேப்டாப்புகளும் உனக்கு ஒரே முகவரியாகத் தெரியும். ஒரு முகவரி மட்டும் அசுரத்தனமாக இழுத்தால், ஆளைப் பிடிப்பதற்கு முன்னால் கேபிளைத் தொடர்ந்து போய் அது முடியும் இடத்தைப் பார்.

இனி எப்படிப் பார்ப்பது. ஃபயர்வால் மாட்டியிருக்கும் முதன்மை சுவிட்சில் மிரர் போர்ட் வசதி இருக்கும். ஒரு போர்ட்டில் போவது வருவது இரண்டையும் நகலெடுத்து இன்னொரு போர்ட்டில் கொட்டும். அதில் உன் கணினியை மாட்டலாம். இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். ஜிகாபிட் போர்ட்டில் போவதற்கு 1 ஜிபிபிஎஸ், வருவதற்கு 1 ஜிபிபிஎஸ். இரண்டும் நிரம்பினால் 2. நகல் வெளியே வரும் போர்ட்டிலோ ஒரு திசையில் 1 ஜிபிபிஎஸ்தான் போகும். ஆசைப்பட்டு இருபத்து நான்கு போர்ட்டையும் ஒன்றில் மிரர் செய்தால் மிச்சமெல்லாம் சிந்திவிடும். சிந்தியதை சுவிட்ச் உனக்குச் சொல்லாது. அலுவலகம் ஒழுங்காக ஓடும். உன் பதிவில் மட்டும் ஓட்டை விழும், அதை வைத்துக்கொண்டு நீ யார் மேலாவது பழி போடுவாய். உன் இணைய இணைப்பு 200 எம்பிபிஎஸ் என்று எழுதியிருக்கிறாய். ஃபயர்வாலுக்குப் போகும் அந்த ஒரு போர்ட்டை மட்டும் மிரர் செய், தாராளமாகத் தாங்கும். அதற்கும் முன்னால் சுவிட்சின் போர்ட் கணக்குகளைத் திறந்து பார். எந்தப் போர்ட்டில் எத்தனை பைட் போயிற்று, எத்தனை பிழை என்று அதுவே எழுதி வைத்திருக்கும். நெட் ஸ்லோ என்ற புகார்களில் சில, கடிபட்ட கேபிளிலேயே முடிந்துவிடும்.

ஆனால் நாளைக்கு மேனேஜர் வேறு கேள்வி கேட்பார்: "வைரஸ் ஏதாவது புகுந்திருக்கா?" அப்போது ஃபயர்வால் ஓரம் மட்டும் போதாது. கூடங்குளத்தை நினைத்துக்கொள். அங்கே நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முந்தின நாள்வரை மறுப்புதான். 2019 செப்டம்பர் 4இலேயே இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தங்களுக்குத் தெரிவித்தது என்றும், அணு உலையை இயக்கும் உள் நெட்வொர்க் தனியாக இருப்பதால் அங்கே பாதிப்பில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. வெளியே வந்த நிரல் மாதிரியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதற்குள் உள் முகவரி ஒன்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டார்கள். திரட்டியதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அமைப்பு. இதை எல்லையில் நிற்கிறவன் எப்படிப் பார்ப்பான்? பக்கத்து மேஜைக்குப் போகிற பாக்கெட் வாசலைத் தாண்டுவதே இல்லை. ஒரே சுவிட்சில் மாட்டிய இரண்டு கணினிகள் பேசிக்கொண்டால் அது முதன்மை சுவிட்சுக்குக்கூட வராது. ஆகவே இந்தக் கேள்விக்கு உன் சர்வர்கள் மாட்டியிருக்கும் போர்ட்டுகள்தான் இடம். கணக்கு சர்வரை நள்ளிரவில் வரவேற்பு மேஜைக் கணினி ஏன் தேடி வருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

இடத்தேர்வுக்கு எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கட்டணக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதைப் பார்க்கச் சொல்லிக் கிளிஃபோர்ட் ஸ்டோலிடம் கொடுத்தார்கள். அவர் வானியலாளர், கணினி நிர்வாக வேலைக்குப் புதிது. யாரோ உள்ளே வந்து போகிறார்கள் என்று புரிந்தது. கணினிக்குள்ளேயே கண்காணிப்பு நிரல் போட்டால் வந்தவன் அதைப் பார்த்துவிடுவான். அதனால் ஒரு வார இறுதியில் சக ஊழியர்களின் மேஜைகளில் இருந்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் கேட்காமலே எடுத்துவந்து, வெளியிலிருந்து வரும் சுமார் 50 லைன்களிலும் மாட்டிவிட்டார். வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. எந்த லைனில் வருகிறான் என்பதும் தெரிந்தது. அந்த இழையைப் பிடித்துப் போய் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் வரை எட்டினார்கள். ஒரு கணினியைச் சந்தேகப்பட்டால் அந்தக் கணினியிடமே விசாரிக்காதே. அதற்குப் போகும் கம்பியில் நில். பாக்கெட்டுகளைப் பிடிக்கும் டிசிபிடம்ப் நிரலும், இன்று ஜீக் என்று பெயர் மாறியிருக்கும் கண்காணிப்பு நிரலும் பின்னால் இதே ஆய்வகத்தில்தான் பிறந்தன.

உன் அரூர், பாலக்கோடு கிளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். கிளையின் இணையப் போக்குவரத்து தலைமையகம் வழியாக வருகிறதா, அங்கேயே நேராக வெளியே போகிறதா என்று முதலில் பார். நேராகப் போனால் தர்மபுரியில் எத்தனை கருவி வைத்தாலும் அரூர் உனக்கு இருட்டுதான். கிளைக்கு ஒரு ஆளை அனுப்பி வைக்க வேண்டியதில்லை. அங்கிருக்கும் ரவுட்டரையே யாரோடு யார், எவ்வளவு, எப்போது என்ற சுருக்கக் கணக்கை உனக்கு அனுப்பச் சொல்லலாம். இன்று பெரும்பாலானவை மறையாக்கப்பட்டுத்தான் போகின்றன. உள்ளடக்கம் எப்படியும் உனக்குத் தெரியப் போவதில்லை. சுருக்கக் கணக்கே பல நாள் போதும்.

அனுமதி இல்லாமல் இதில் எதையும் தொடாதே. பார்ப்பது சக ஊழியர்களின் போக்குவரத்து. என்ன பார்க்கப் போகிறாய், எத்தனை நாள் வைத்திருப்பாய் என்று எழுத்தில் கையெழுத்து வாங்கு. ஊழியர்களுக்கும் தெரியப்படுத்தச் சொல். சட்டத்தின் பக்கமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் போன்றவற்றைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் கடிகாரம் குறிப்பிட்ட அரசு நேரச் சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரத்தை அலட்சியமாக விடாதே. ஃபயர்வாலும் சர்வரும் ஏழு நிமிடம் முன்பின்னாக ஓடினால், இரண்டு இடத்தில் பார்த்ததும் ஒரே சம்பவம் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

இந்த வாரம் ஒரு தாளில் நெட்வொர்க்கை வரைந்து அனுப்பு. ஃபயர்வால், சுவிட்சுகள், சர்வர்கள், கிளைகள் எல்லாம் வேண்டும். எந்தப் போர்ட்டில் எது என்பதும் வேண்டும். நீ நிற்க நினைக்கும் இடத்தில் ஒரு வட்டம் போடு. அங்கிருந்து தெரியாதவற்றையெல்லாம் சிவப்புப் பேனாவில் எழுது. சுவிட்சின் மாடல் எண்ணை மறக்காதே. சில மலிவு மாடல்களில் மிரர் போர்ட்டே இருக்காது, அப்படியானால் வேறு வழி யோசிக்க வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா